‘யெவ்கேனி ஒனேகின்’ வோக்கல் ஸ்கோரிலிருந்து ஒரு பாட்டைப் பாடம் பண்ணுவது எப்படி

மதுரையில் சர்ச் கொயரில் பாடுகிறவர்கள், கீபோர்டில் கிரேடு பரீட்சை எழுதுகிறவர்கள், கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு மேற்கத்திய இசைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் என எல்லோரையும் ஓப்பராவின், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தின், வோக்கல் ஸ்கோர் முதல் பார்வையில் மிரட்டும். கனத்த புத்தகம், ரஷ்ய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் மாறும் ஷார்ப்பும் ஃபிளாட்டும். ஆனால் வரிசை தெரிந்து இறங்கினால், ஒரு பாட்டை ஒன்றரை இரண்டு மாதத்தில் மேடைக்குக் கொண்டுவந்துவிடலாம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி ஒனேகின்’ ஓப்பரா இதற்கு நல்ல தொடக்கம். 1879 மார்ச்சில் மாஸ்கோவில் இதை முதன்முதலில் பாடியவர்கள் பெரிய ஓப்பரா நட்சத்திரங்கள் அல்லர், மாஸ்கோ கன்சர்வேட்டரி மாணவர்கள். நடத்தியவர் நிக்கலாய் ரூபின்ஸ்டைன். பகட்டான ஓப்பராவாக ஆகிவிடக் கூடாது என்றுதான் சாய்கோவ்ஸ்கி இதற்கு ‘லிரிக் காட்சிகள்’ என்று பெயர் வைத்தார். இளங்குரல்களுக்கு இதில் இடம் உண்டு.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிக் கோடு இருக்கும். வோக்கல் ஸ்கோரில் பாடுகிறவர்களின் வரிகள் ஒன்றுவிடாமல் அப்படியே இருக்கும், ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் கீழே பியானோவின் இரண்டு கோட்டுத் தொகுதிக்குள் சுருங்கியிருக்கும். ஒனேகினுக்கு அந்தச் சுருக்கத்தைச் செய்தவரே சாய்கோவ்ஸ்கிதான். 1878இல் மாஸ்கோவில் யூர்கென்ஸன் பதிப்பகம் அதை அச்சிட்டது. அதனால் பியானோ பகுதியை ‘சும்மா சுருதிக்கு’ என்று நினைக்காதீர்கள். எந்த சுரம் முக்கியம், எது விடத்தக்கது என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்று அங்கம், ஏழு காட்சி, 22 எண்கள். ஒவ்வொரு எண்ணும் தனித் துண்டு மாதிரி எடுத்துப் பாடலாம். குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டெனருக்கு (ஆணின் உயர்ந்த குரல்) 17ஆம் எண்ணில் லென்ஸ்கி துவந்த யுத்தத்துக்கு முன் பாடும் ஆரியா, அதாவது தனிப்பாட்டு. பாரிடோனுக்கு (ஆணின் நடுக்குரல்) 12இல் ஒனேகின் பாடும் ஆரியா. பேஸ் குரலுக்கு (ஆணின் தாழ்ந்த குரல்) 20இல் இளவரசர் கிரெமினின் ஆரியா, கான்ட்ரால்ட்டோவுக்கு (பெண்ணின் தாழ்ந்த குரல்) 3இல் ஓல்காவின் ஆரியா. பெண்கள் கொயர் என்றால் 11ஆம் எண்: பழம் பறிக்கும் பெண்கள் பாடும் கோரஸ், சின்னது, அழகானது. சோப்ரானோக்கள் (உயர்ந்த பெண் குரல்கள்) எல்லோரும் நேராக 9ஆம் எண்ணுக்கு, தாத்தியானா கடிதம் எழுதும் காட்சிக்கு ஓடுவார்கள். அது பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே குரலில் நிற்கும் காட்சி. இரண்டு வருடமாவது குரல் பயிற்சி இல்லாமல் தொட வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். தொண்டையில் அழுத்திப் பாடிப் பழகிவிட்டால் அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

அச்சும் பைண்டிங்கும்

சாய்கோவ்ஸ்கி மறைந்தது 1893இல். இசைக்கும், மூலக் கதையை எழுதிய கவிஞர் புஷ்கினின் வரிகளுக்கும் காப்புரிமை இல்லை. பழைய பதிப்புகளின் ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கும். புதிதாகப் பதிப்பித்த புத்தகத்துக்கும் அதிலுள்ள ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் உரிமை இருக்கலாம், அவற்றை ஜெராக்ஸ் போடாதீர்கள். ஸ்கேனில் ரஷ்ய வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில பதிப்புகளில் ஜெர்மன் மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கும். குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பையே வைத்திருக்க வேண்டும். முதல் அரங்கேற்றத்துக்குப் பிறகு சாய்கோவ்ஸ்கி கடைசிக் காட்சியின் முடிவை மாற்றினார், 1885இல் மூன்றாம் அங்கத்தில் ஓர் எகோசேஸ் நடனத்தைச் சேர்த்தார். மிகப் பழைய அச்சு ஒருவரிடமும் பிந்தைய அச்சு இன்னொருவரிடமும் இருந்தால், ஒத்திகை நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும்.

புத்தகம் 250 பக்கத்தை ஒட்டி வரும். கோரிப்பாளையத்துக் கடையோ மாசி வீதிக் கடையோ, எங்கே கொடுத்தாலும் நான்கு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, ‘ஃபோட்டோ’ மோட் வேண்டாம், கறுப்பு-வெள்ளை மோட் போதும். சாம்பல் பின்னணியோடு அடித்தால் மெல்லிய கோடுகள் மங்கிவிடும். இரண்டு, முதலில் இரண்டே பக்கம் அடித்து வாங்கிப் பாருங்கள். மூன்று, இருபுறமும் அடிக்கும்போது மூலத்தில் வலப்பக்கம் இருக்கும் ஒற்றைப்படைப் பக்கம் உங்கள் பிரதியிலும் வலப்பக்கமே வர வேண்டும். அட்டைப் பக்கத்தை வீணென்று விட்டுவிட்டால் எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப்போகும். அச்சிட்டவர்கள் யோசித்து வைத்திருக்கும் பக்கம் திருப்பும் இடங்கள், கை ஓய்வில்லாத இடத்தில் வந்து நிற்கும். நான்காவது, 80 ஜிஎஸ்எம் தாளில் 125 தாள் அறுநூறு கிராமுக்கு மேல் எடை வரும், ஸ்டாண்டு தாங்காமல் சாயும். அங்கத்துக்கு ஒன்றாக மூன்று புத்தகமாகப் பிரித்து வயர் பைண்டிங் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஸ்பைரலில் பக்கத்தைப் பின்னால் மடித்தால் தாள்கள் ஒரு வளையம் ஏறி இறங்கி நிற்கும், வயரில் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுங்கள். பழைய அச்சில் பார் (செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலான தாளக் கட்டம்) எண் இருக்காது. உங்கள் பாட்டின் முதல் பாரிலிருந்து எண்ணி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண்ணை எழுதுங்கள். ‘அந்த மேலே ஏறுற இடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒத்திகை நகராது. அதே நேரத்தில் புள்ளிகளையும் சரிபாருங்கள். ஸ்கேனில் ஒட்டிய தூசி, நோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் நீட்டிப்புப் புள்ளி மாதிரியே தெரியும், தலைக்கு மேலே விழுந்தால் ஸ்டக்காட்டோ (வெட்டிப் பாடும் குறி) ஆகிவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் பாரின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் அரை மாத்திரை மிஞ்சினால் அது தூசி.

பலர் சேர்ந்து பாடும் எண் என்றால் கலர் பென்சில் கட்டாயம். பாத்திரத்தின் பெயரை முதல் வரியில் மட்டும் முழுதாகப் போட்டு, பிறகு முதலெழுத்தோடு நிறுத்தும் அச்சுகள் உண்டு. லென்ஸ்கிக்கும் லாரினாவுக்கும் ஒரே எழுத்து. ஒனேகினுக்கும் ஓல்காவுக்கும் ஒரே எழுத்து. 5ஆம் எண்ணின் நால்வர் பாட்டில் ஒனேகின், ஓல்கா, லென்ஸ்கி, தாத்தியானா நால்வரும் வெவ்வேறு வார்த்தைகளை ஒரே சமயத்தில் பாடுகிறார்கள். நிறம் தீட்டாவிட்டால் அடுத்த பக்கத்தில் நிச்சயம் பக்கத்து வரிக்குத் தாவிவிடுவீர்கள்.

வார்த்தை முதலில்

சுரத்துக்கு முன்னால் வார்த்தையைப் படியுங்கள். தமிழ் நாக்குக்கு ரஷ்ய மொழி, ஆங்கில நாக்குக்கு இருப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ரஷ்யத் தகரம் நம் ‘த’ போலவே பல்லில் பட்டுப் பிறப்பது, ‘ட’ அல்ல. க, த, ப ஆகியவற்றில் மூச்சை ஊதக் கூடாது, நாமும் ஊதுவதில்லை. எல்லாவற்றையும்விட, வெளிநாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் ஓர் உயிரெழுத்து ரஷ்ய மொழியில் உண்டு: உதடு குவியாத, உகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவிலான ஒலி. ‘அது’, ‘பந்து’, ‘கயிறு’ என்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள், கடைசியில் வரும் குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அதை நாக்கின் நடுப்பகுதியில் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும்.

ரஷ்ய வரியைத் தமிழில் எழுதிக்கொள்வதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுதியதை நீங்களே தப்பாகப் படிப்பீர்கள். எல்லா உயிரையும் குறிலாகவே எழுதுங்கள். ரஷ்ய மொழியில் குறில் நெடில் வேறுபாடு இல்லை, நீளத்தை நோட்டுதான் தீர்மானிக்கிறது. ‘தா’ என்று எழுதிவிட்டால் கண் அதை இழுத்தே படிக்கும். அழுத்தம் விழும் எழுத்தின் கீழே கோடு போடுங்கள். சொல் நடுவில் அதிராத (தொண்டையில் குரல் சேராத) தகர ககரம் வந்தால் இரட்டித்து எழுதுங்கள், அதிரும் ஒலி என்றால் ஒற்றையாக எழுதுங்கள். ‘அதை’ என்பதற்கும் ‘அத்தை’ என்பதற்கும் நம் காது இயல்பாகச் செய்யும் வேறுபாடு அது. இரட்டிப்பில் நின்றுவிட மட்டும் கூடாது. குற்றியலுகர ஒலியைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

லென்ஸ்கி ஆரியாவின் முதல் வரியை இந்த முறையில் எழுதினால் இப்படி வரும்: ‘குத, குத, குத வு உதலிலிஸ், விஸ்னு மயெய் ஃஸ்லத்துயெ த்ஞி’. பொருள்: என் வசந்தத்தின் பொன்னாட்களே, எங்கே, எங்கே போய்விட்டீர்கள்? அழுத்தம் ‘குத’வில் ‘த’ மேல், ‘உதலிலிஸ்’ஸில் முதல் ‘லி’ மேல், ‘விஸ்னு’வில் ‘னு’ மேல், ‘மயெய்’யில் ‘யெய்’ மேல், ‘ஃஸ்லத்துயெ’யில் ‘து’ மேல். வட்டம் போட வேண்டியவை மூன்று: ‘வு’, ‘னு’, ‘து’. ‘குத’விலுள்ள ‘கு’வும் ‘உதலிலிஸ்’ஸின் ‘உ’வும் உதடு குவித்த நிஜ உகரம், அவற்றுக்கு வட்டம் கிடையாது. ‘மயெய்’ புத்தகத்தில் ஒகரத்தோடு அச்சாகியிருக்கும். அழுத்தமில்லாத ஒகரம் ரஷ்ய மொழியில் அகரமாகத் தளர்ந்துவிடும் என்பதால் ‘மொ’ என்று பாடக் கூடாது. ‘விஸ்னு’வை நம் ஊர்ப் பழக்கத்தில் ‘விஷ்ணு’ என்று படித்துவிடாதீர்கள், ‘ஸ்’ஸும் பல்லில்தான், ‘ன’வும் பல்லில்தான். அந்த ‘வி’யைப் பாடும்போது ‘வெ’க்குப் பக்கமாகத் திறக்கலாம். ‘ஃஸ்’ என்று எழுதியிருப்பது குரல் சேர்ந்த சகரம், தேனீ ரீங்காரம் மாதிரி. கடைசிச் சொல்லில் தகரம் அதிர வேண்டும், மேலே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் கடைசியில் வரும் அதிரும் மெய், அதிர்வை இழக்கும். நண்பன் என்ற சொல்லின் முடிவு ‘த்ருக்’ என்றுதான் ஒலிக்கும். குரல் சேர்ந்த ஷகரம் ஒன்று உண்டு, அதற்கு ‘ழ’ போட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பார்க்கிறோம். நாக்கு மடியும் இடம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ‘ழ’வில் உரசல் இல்லை, இதில் உரசல்தான் உயிர். ‘ஷ்ஷ்’ என்று நீட்டிக்கொண்டே குரலைச் சேருங்கள், கிடைத்துவிடும்.

ஒரு வாரம் வார்த்தையை வெறும் பேச்சாக, பிறகு நோட்டின் தாளத்தில் ஒரே சுரத்தில் சொல்லிப் பழகுங்கள். பொருளும் மனதில் ஏறட்டும். புஷ்கினின் கவிதை நாவலில் இந்த வரிகள், துவந்த யுத்தத்துக்கு முந்தைய இரவில் லென்ஸ்கி எழுதும் கவிதை. புஷ்கின் அதை லேசான கேலியோடு கொடுக்கிறார். சாய்கோவ்ஸ்கி கேலியைத் துடைத்துவிட்டு, சாகப்போகிற ஓர் இளைஞனின் நிஜ வேதனையாக்கினார். பாடுகிறவர் சாய்கோவ்ஸ்கி பக்கம் நிற்க வேண்டும்.

கட்டை, சுரம், சுருதி பெட்டி

லென்ஸ்கி ஆரியா ஈ மைனர். நம் கணக்கில் 3 கட்டை. அந்தக் கட்டையில் நடபைரவி ஆரோகண அவரோகணத்தையும் கீரவாணியையும் மாற்றி மாற்றிப் பாடுங்கள். மைனர் பாட்டுகளில் நிஷாதம் ஒரே வாக்கியத்துக்குள் கைசிகியாகவும் (தாழ்ந்த நி) காகலியாகவும் (உயர்ந்த நி) வரும், இரண்டு ராகமும் தொண்டையில் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: காகலி நிஷாதத்தை மேல் ஷட்ஜத்தை ஒட்டி ஏற்றிப் பாடுவது நம் பழக்கம். இங்கே அடியில் பியானோ ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) பிடித்துக்கொண்டிருக்கும், அந்த நிஷாதம் கார்டில் ஓர் அங்கம். ஏற்றினால் காதில் உறுத்தும்.

கமகம் வேண்டாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அசைவில்லாமல் போகப் பழகுங்கள். குறிப்பாக ஆரியாவின் பிரதான மெட்டு படிப்படியாகக் கீழிறங்குவது. அந்த இறக்கத்தில் ஜாரு போட்டால் (வழுக்கி இறங்கினால்) ஒவ்வொரு படியின் வலியும் கரைந்துபோகும்.

‘என் சுருதி ஒன்றரைக் கட்டை, இறக்கிப் பாடலாமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். இறக்க வேண்டாம். ஓப்பராவில் குரலுக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேடிக்கொள்வதுதான் முறை. கிரெமினின் ஆரியா ஜி ஃபிளாட் மேஜர், 4½ கட்டை சங்கராபரணம். முடிவில் பேஸ் கிளெஃபின் அடிக்கோட்டிலுள்ள ஜி ஃபிளாட் வரைக்கும் இறங்க வேண்டும். அந்தச் சுரம் காலையில் மட்டும் கிடைக்கிறது என்றால் அது உங்கள் பாட்டு அல்ல.

டெனர் வரி ட்ரெபிள் கிளெஃபில் எழுதியிருக்கும், ஒலிப்பது ஒரு ஸ்தாயி கீழே. கீபோர்டில் எழுதியபடியே வாசித்துக் காட்டினால் பையன் பெண் குரல் ஸ்தாயியைத் தேடித் தொண்டையைக் கிழித்துக்கொள்வான்.

சுருதி பெட்டியை அணைத்து வையுங்கள். தாத்தியானாவின் கடிதக் காட்சியைப் பாருங்கள்: டி ஃபிளாட் மேஜரில், அதாவது 1½ கட்டையில் தொடங்கி, எழுத உட்காரும்போது டி மைனருக்கு, 2 கட்டைக்குப் போகிறது. பிறகு சி மேஜர், 1 கட்டை. கடைசியில் மறுபடி 1½. ஷட்ஜமே மூன்று இடத்தில் உட்காருகிறது. தம்பூரா ஒலித்துக்கொண்டிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் அபஸ்வரம். சர்ச் கொயரில் சோல்ஃபா படித்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். ‘டோ’ எங்கே நகர்கிறது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பென்சிலால் புதிய கட்டையை எழுதுங்கள். எல்லா நோட்டுக்கும் கீழே ‘ஸரிகம’ எழுதி நிரப்ப வேண்டாம். கண் எழுத்துக்குப் போய்விடும், கோட்டைப் படிக்கவே கற்றுக்கொள்ளாது. கடினமான தாவல்களுக்கு மட்டும் எழுதுங்கள்.

தாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒனேகினின் ஆரியா 6/8, திச்ர நடையில் இரண்டு எண்ணிக்கையாகப் போட்டால் உட்காரும். காலப்பிரமாணம் மட்டும் நம்மைப் போல நிலையாக நிற்காது. ‘ரிட்டெனுட்டோ’ (வேகத்தைக் குறை), ‘ஆ டெம்போ’ (பழைய வேகத்துக்குத் திரும்பு), கண் போன்ற நிறுத்தக் குறி, இவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மெட்ரோனோமை முதல் பத்து நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

பியானோ வாசிப்பவருக்கு

61 கட்டை கீபோர்டு போதாது. இடக்கையின் ஆக்டேவ்கள் (ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து அடிக்கும் இரண்டு சுரங்கள்) அதன் அடிக்கும் கீழே போகும். 88 கிடைத்தால் நல்லது, 76 சமாளிக்கலாம். 61தான் இருக்கிறது என்றால் ஆக்டேவின் மேல் சுரத்தை மட்டும் வாசியுங்கள். டச் ரெஸ்பான்ஸை ஆன் பண்ணுங்கள், பெடல் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கையில் அடங்காத இடம் வரும். விடலாம் என்றால் வலக்கை ஆக்டேவின் கீழ்ச் சுரத்தையும், நடுவில் திரும்பத் திரும்ப அடிக்கும் கார்டின் ஒரு சுரத்தையும் விடுங்கள். பேஸை விடாதீர்கள். குரல் நிற்கும்போது பதில் சொல்லும் மெட்டையும் விடாதீர்கள். பாடுகிறவர் நுழைவதற்கு முந்தைய கடைசி இரண்டு சுரத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள், அவர் அதைப் பிடித்துத்தான் உள்ளே வருகிறார். பாடுகிறவரும் அந்த இரண்டு சுரத்தைத் தன் வரியில் சின்னதாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் தப்பும் நுழைவுகளில் பெரும்பாலானவை, ரெஸ்ட்டை (மௌன இடத்தை) எண்ணிக்கொண்டிருந்துவிட்டுச் சுரத்தைக் கேட்காததால் வருபவை.

ட்ரெமோலோ என்று குறுக்குக் கோடு போட்டிருந்தால் அது வயலின்களின் நடுக்கம். விரலை உயர்த்தி அடித்தால் மத்தளம் மாதிரி ஆகிவிடும். கட்டையை விட்டு விரல் எழாமல், மணிக்கட்டைத் தளர்த்திச் சுழற்றுங்கள், பெடலைப் பாதி அழுத்துங்கள். எத்தனை தடவை அடிக்கிறோம் என்ற கணக்கு இங்கே முக்கியமில்லை. கடிதம் எழுதும் இடத்தில் வலக்கை மெட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ வாசிப்பது, கூடவே ஹார்ப் வரும். நாகஸ்வரத்தைப் போல சீவாளியில் பிறக்கும் ஒலிதான் ஓபோவும், ஆனால் மெலிதாக, நீள மூச்சில். மனதில் அந்த ஒலி இருந்தால் விரல் தானாக ஒட்டி வாசிக்கும்.

ஆறு ஃபிளாட், ஐந்து ஃபிளாட் பார்த்துப் பயந்து டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. ஜி ஃபிளாட் மேஜரை அதே கோடுகளில் ஜி மேஜராக, ஒரு ஷார்ப் இருப்பதாகப் படியுங்கள், டிரான்ஸ்போஸை மைனஸ் 1இல் வையுங்கள். டி ஃபிளாட்டை இரண்டு ஷார்ப் உள்ள டி மேஜராகப் படியுங்கள், அதுவும் மைனஸ் 1. இடையில் வரும் குறிகள் ஒரு படி ஏறும்: புத்தகத்தின் நேச்சுரல் உங்களுக்கு ஷார்ப், ஃபிளாட் உங்களுக்கு நேச்சுரல், இரட்டை ஃபிளாட் உங்களுக்கு ஃபிளாட். கிரெமினுக்கு இது ஒத்திகையில் உதவும். கடிதக் காட்சிக்கு உதவாது, டி மைனர் வந்ததும் பட்டனைத் திருப்ப வேண்டும், மறந்தால் பாடுகிறவர் அரைக் கட்டை தள்ளி நிற்பார். உண்மையில் ஜி ஃபிளாட் கைக்கு இதமான இடம். கறுப்புக் கட்டை ஐந்தும், கூட எஃப்பும், சி ஃபிளாட்டாக வரும் பி கட்டையும்தான். இரண்டு வாரம் ஸ்கேல் வாசித்தால் பட்டன் தேவைப்படாது.

சேர்ந்து பாடும் நாட்கள்

முதலில் எட்டு எட்டு பாராக, அரை வேகத்தில், கடைசிப் பகுதியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். எல்லோரும் முதல் பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள், முடிவு எப்போதும் பச்சையாகவே நிற்கும். மூச்சு எடுக்கும் இடத்தைக் கமா குறியால் இருவரும் ஒரே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வெயிலுக்கு முன்னால், காலை ஏழு மணிக்குள் பாடி முடித்துவிடுவது தொண்டைக்கு நல்லது. திருவிழா நாட்களில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி இருக்கும், அந்த வாரங்களை வார்த்தைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மேடையில் மைக் வைத்தே ஆக வேண்டும் என்றால் வாயிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். பியானோவுக்கு மேலே ஓடும் ஃபேனை நிறுத்த முடியாது என்றால், ஒவ்வொரு பக்கத்தின் மேல் வலது மூலையையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் துணி கிளிப் போடுங்கள். பக்கம் திருப்புகிறவர் பியானோ வாசிப்பவரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். கடைசி இரண்டு பார் இருக்கும்போது எழுந்து, இடக்கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துத் தயாராக நின்று, வாசிப்பவர் தலையசைத்த பிறகே திருப்ப வேண்டும்.